முதல் கார் டீசலா, பெட்ரோலா? இன்சூரன்ஸ், மைலேஜ், ரிப்பேர்: சரவணம்பட்டிக்காரர்களுக்கு ஒரு முழு கணக்கு

சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் பைக்கிலேயே ஓட்டிய பிறகு, வீட்டில் தானாகவே ஒரு பேச்சு வரும்: "ஒரு கார் எடுத்துரலாமா?" ஊரில் கேட்டால் அப்பாவோ மாமாவோ சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "எடுக்கறதுனா டீசலா எடுத்துரு கண்ணு. மைலேஜ் கொடுக்கும், இன்ஜினும் நாள்பட உழைக்கும்."

இந்த அறிவுரை ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு? எரிபொருள் விலை மாறிவிட்டது, புகை விதி மாறிவிட்டது, சந்தையில் கிடைக்கும் வண்டிகளும் மாறிவிட்டன. சிறிய டீசல் கார் யாருக்கு லாபம், அதன் இன்சூரன்ஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது, நம்பி எதை வாங்கலாம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் சுருக்கம்: டீசல் காருக்கு இன்சூரன்ஸ் அதிகம் என்ற பயம் பாதிதான் உண்மை. பணத்தை முடிவு செய்வது தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பது. வண்டி ரிப்பேர் இல்லாமல் ஓடுமா என்பதை முடிவு செய்வது, அந்தக் கிலோமீட்டர் எந்த மாதிரி ரோட்டில் ஓடுகிறது என்பது.

டீசல் மீது இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது?

1998 டிசம்பரில் டாடா இண்டிகா அறிமுகமானபோது, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் டீசல் கார் வந்தது. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்ததும் அந்த ரகம் இன்னும் பரவலானது. ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் மாருதி, டாடா, ஃபியட் என மூன்று நிறுவனங்களின் கார்களிலும் ஓடியது.

அப்போது டீசல் விலையை மத்திய அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலேயே நீக்கப்பட்டுவிட்டது. 2012 மே இறுதியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியது. டீசல் சுமார் 41 ரூபாய்தான். லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் என்றால் யார்தான் டீசலை விடுவார்கள்? அந்தக் காலகட்டத்தில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்தது. தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு சுமார் 8 முதல் 10 ரூபாய்தான் வித்தியாசம். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் இன்ஜினையே கைவிட்டது. சிறிய காரில் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளைச் சேர்த்தால் விலை கட்டுப்படியாகாது என்பதே முக்கியக் காரணம். ஹூண்டாய் கிராண்ட் ஐ10, ஐ20 கார்களிலும் டீசல் பின்னர் நின்றுபோனது.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் டீசல் லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊர் டிராஃபிக்கும் ஹைவேயும் கலந்து ஓட்டினால் சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. கொடுப்பதாகக் கொள்வோம்.

பெட்ரோலில் ஒரு கிலோமீட்டருக்கு ரூ.6.73 ஆகும். டீசலில் ரூ.4.65. மிச்சம் ரூ.2.08.

இப்போது வாங்கும் விலை. ஒரே மாடலில் டீசல் வண்டி ரூ.1.25 லட்சம் கூடுதல் என்று வைத்தால், அதற்கு 13 சதவீத சாலை வரி ரூ.16,250 சேரும். ஆக மொத்தம் ரூ.1,41,250 கூடுதலாகக் கையை விட்டுப் போகிறது. இதை 2.08 ஆல் வகுத்தால் சுமார் 68,000 கி.மீ. அதாவது 68,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் டீசல் வண்டி முதல் ரூபாய் லாபத்தைக் காட்டத் தொடங்கும்.

இதை மூன்று பேருக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாமவர்: சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் பக்கம் வேலைக்குப் போய் வருபவர். போக வர 20 கி.மீ., மாதம் 25 நாள். அவ்வப்போது வெளியூர் சேர்த்தாலும் வருடத்துக்கு 8,000 கி.மீ. போட்ட பணம் திரும்ப எட்டரை வருடம் ஆகும்.

இரண்டாமவர்: அதே வேலை, ஆனால் வாராவாரம் கோபி பக்கம் ஊருக்குப் போய் வருபவர். வாரம் 150 கி.மீ. சேர்த்தால் வருடத்துக்கு 13,500 கி.மீ. ஐந்து வருடம் ஆகும்.

மூன்றாமவர்: திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று தினமும் 100 கி.மீ. சுற்றும் விற்பனைப் பிரதிநிதி. வருடத்துக்கு 30,000 கி.மீ. இரண்டேகால் வருடத்தில் பணம் திரும்பிவிடும்.

விலை ஏறி இறங்கினால் இந்த எண்கள் மாறும், முறை மாறாது. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர் டீசலைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் காரே கணக்குக்குச் சரிவரும்.

சாலை வரியில் கவனிக்க வேண்டிய கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரி விகிதப்படி, 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்.

டீசல் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது அந்த 10 லட்சம் கோட்டை. 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி சுமார் ரூ.1.29 லட்சம். 10.10 லட்சம் காருக்கு சுமார் ரூ.1.82 லட்சம். விலையில் 20,000 ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் வரியில் 53,000 ரூபாய் கூடிவிடுகிறது. பெட்ரோலில் 10 லட்சத்துக்குள் நிற்கும் மாடல், டீசல் என்றதும் பல நேரம் கோட்டைத் தாண்டிவிடும். சன்ரூஃப், பெரிய ஸ்க்ரீன் என்று ஒரு வேரியன்ட் மேலே போவதற்கு முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

இன்சூரன்ஸ்: டீசலா பெட்ரோலா என்று பார்ப்பதில்லை

பிரிட்டன் போன்ற நாடுகளில் முதல் கார் வாங்கும் இளைஞருக்குப் பெரிய தலைவலியே இன்சூரன்ஸ்தான். அங்கே ஓட்டுபவரின் வயது, அனுபவம் எல்லாம் பிரீமியத்தை ஏற்றும். கார்களையே 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு இங்கே குழம்பத் தேவையில்லை.

இந்தியாவில் கட்டாயம் எடுக்க வேண்டியது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகைதான். தனியார் பயன்பாட்டுக் காருக்கு அது இன்ஜின் அளவை, அதாவது சிசி-யை மட்டும் வைத்து முடிவாகிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி ஓராண்டுக் கட்டணம் இது:

1000 சிசி வரை: ரூ.2,094
1000 சிசி-க்கு மேல் 1500 சிசி வரை: ரூ.3,416
1500 சிசி-க்கு மேல்: ரூ.7,897

இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. 1.2 லிட்டர் பெட்ரோல் காரும் 1.5 லிட்டர் டீசல் காரும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. டாடா அல்ட்ராஸ், நெக்ஸான் டீசல் இன்ஜின் 1497 சிசி. ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் டீசல் 1493 சிசி. எல்லாமே 1500-க்குள் அடக்கம். ஆகவே கட்டாய இன்சூரன்ஸில் டீசல் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடாது.

ஆனால் 1500 சிசி-யைத் தாண்டினால் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். செகண்ட் ஹேண்டில் விலை மலிவாகக் கிடைக்கும் வெர்னா 1.6 டீசல் 1582 சிசி. வருடாவருடம் கூடுதலாக நான்காயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டியிருக்கும்.

ஓன் டேமேஜ்: வித்தியாசம் வருவது இங்கேதான்

சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில் ஐடிவி என்ற தொகைதான் அடிப்படை. வண்டி திருட்டுப் போனாலோ, முழுசாக நொறுங்கிப் போனாலோ நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை அது. டீசல் காரின் விலை அதிகம் என்பதால் ஐடிவி-யும் அதிகம், பிரீமியமும் அதற்கேற்பக் கூடும்.

பழைய கட்டண அட்டவணை நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. சென்னை, பெங்களூரு உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம். கோவை உட்பட மற்ற ஊர்கள் பி மண்டலம். 2007 முதல் நிறுவனங்கள் தாங்களே விலை வைக்கலாம் என்றாலும், பேச்சு தொடங்குவது பெரும்பாலும் அந்த விகிதத்திலிருந்துதான். 5 முதல் 10 வருடம் ஆன, 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு பி மண்டல விகிதம் 3.351 சதவீதம்.

ஆறு வருடமான டீசல் காரின் ஐடிவி 4 லட்சம் என்றால் ரூ.13,404. அதே வயதுள்ள பெட்ரோல் காரின் ஐடிவி 3.20 லட்சம் என்றால் ரூ.10,723. தள்ளுபடிக்கு முன்பே வித்தியாசம் ரூ.2,681தான். தள்ளுபடி கழிந்தால் இன்னும் குறையும். நிறுவனத்துக்கு நிறுவனம் தள்ளுபடி மாறும் என்பதால் குறைந்தது மூன்று இடத்திலாவது விலை கேட்பது நல்லது. ஷோரூமில் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவி-யைக் குறைத்துப் போடச் சொல்வது சிலரின் வழக்கம். கட்டும்போது சில நூறு மிச்சம், வண்டி போனால் பல ஆயிரம் நட்டம்.

நோ கிளைம் போனஸ்: பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு

ஒரு வருடம் கிளைம் செய்யாமல் இருந்தால் அடுத்த வருடம் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50 சதவீதம். மேலே சொன்ன ரூ.13,404-ல் 50 சதவீதம் என்றால் ரூ.6,702 மிச்சம். பம்பரில் சின்னக் கீறல், மூன்றாயிரம் ரூபாய் செலவு என்றால் கிளைம் போடாமல் கைக்காசில் சரி செய்வதே பல நேரம் லாபம்.

இந்த போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. பழைய கார் வாங்கினால் விற்றவரின் 50 சதவீதம் உங்களுக்கு வராது. பைக்கில் சேர்த்த போனஸும் காருக்கு மாறாது. முதல் கார் வாங்குபவர் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதுக் காருக்கு மூன்று வருட இன்சூரன்ஸ்: கோவையிலிருந்து போன வழக்கு

புதுக் கார் வாங்கும்போது மூன்று வருடத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். 1000 முதல் 1500 சிசி வரை அது ரூ.10,640. ஷோரூமில் சேர்த்துவிட்ட செலவு என்று பலர் நினைப்பதுண்டு. இது உச்ச நீதிமன்ற உத்தரவு.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்து உயிரிழப்புகளைத் தடுக்கக் கோரி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலை 20-ல் இந்த உத்தரவு வந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது பைக்குக்கு ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டி கட்டாயம் ஆனது. முதல் வருடத்துக்குப் பிறகு பலர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதும், விபத்தில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போவதும்தான் காரணம்.

விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை உச்சவரம்பு இல்லாமல் நிறுவனம் கட்டும் ஏற்பாடு இது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, ஒரு விபத்தின் மொத்த இழப்பீடும் சொந்தத் தலையில் விழுவதுதான்.

புது டீசலின் பலவீனம்: டிபிஎஃப்

பிஎஸ்-6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்தூளை இது பிடித்து வைக்கும். நிரம்பியதும், அதிக வெப்பத்தில் அந்தக் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வெப்பம் வர வேண்டுமானால் வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.

பிரச்சினை இங்கேதான். காலை நேரத்தில் சரவணம்பட்டியிலிருந்து கணபதி வழியாக காந்திபுரம் போகும் சத்தி சாலையில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர்ந்துதான் போக முடியும். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். தினமும் இப்படியே ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், பிக்கப் குறையும், கடைசியில் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட வேண்டியதுதான்.

விளக்கு எரிந்ததும் பயப்பட வேண்டாம். வண்டிக் கையேட்டில் சொன்னபடி சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கோவில்பாளையம் தாண்டி அன்னூர் பக்கமோ, காளப்பட்டி வழியாக அவினாசி சாலை போய் நீலாம்பூருக்கு அப்பால் நெடுஞ்சாலையிலோ ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வரலாம். எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் செலவு வைக்கும்.

அதாவது, ஊருக்குள் மட்டும் ஓடும் டீசல் காருக்குப் பணமும் திரும்பாது, அது நிம்மதியாகவும் ஓடாது. வாரம் ஒருமுறையாவது ஹைவேயில் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

புதிதாக வாங்கினால் என்ன இருக்கிறது?

சிறிய ஹேட்ச்பேக் ரகத்தில் டீசலோடு மிஞ்சியது டாடா அல்ட்ராஸ்தான். 2025-ல் புதுப்பிக்கப்பட்ட மாடலிலும் டீசல் தொடர்ந்தது. அதற்கு மேல் நான்கு மீட்டருக்குள் வரும் எஸ்யூவி ரகத்தில் டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1500 சிசி-க்குள் இருக்கும் டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு 28 சதவீதமும் செஸ் வரியும் இருந்தது.

பழைய டீசல் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பட்ஜெட் மூன்று, நான்கு லட்சம்தான் என்றால் 2020 மார்ச் வரை விற்ற பிஎஸ்-4 வண்டிகள்தான் கண்ணில் படும். இவற்றில் பெரும்பாலான சிறிய டீசல்களில் டிபிஎஃப் கிடையாது. சாலை வரியும் முதல் ஓனர் கட்டி முடித்திருப்பார். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் 50,000 ரூபாய்தான் என்றால் 24,000 கிலோமீட்டரிலேயே பணம் திரும்பிவிடும். முதல் காராக டீசல் வேண்டும் என்பவருக்குக் கணக்கு ஒத்துவரும் இடம் இதுதான்.

மாருதி ஸ்விஃப்ட், டிசையர் 1.3 டீசல்: 1248 சிசி. 2007 முதல் 2020 வரை விற்றதால் பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக்கும் நிறைய. டைமிங் செயின் உள்ள இன்ஜின். டர்போ எழும் வரை பிக்கப் மந்தமாக இருக்கும்; புதிதாக ஓட்டுபவர் கிளட்ச்சை மிதித்தே ஓட்டினால் கிளட்ச் சீக்கிரம் தேயும்.

டொயோட்டா எட்டியோஸ் லிவா டீசல்: 1364 சிசி. உள்ளே ஆடம்பரம் குறைவு, ஆனால் அதிக கிலோமீட்டர் தாங்கும் இன்ஜின். இதுவும் டைமிங் செயின்தான்.

ஹூண்டாய் கிராண்ட் ஐ10 டீசல்: முதலில் 1120 சிசி, பிறகு 1186 சிசி. ஊருக்குள் ஓட்ட இலகு. மூன்று சிலிண்டர் இன்ஜின், அதிர்வு கொஞ்சம் தெரியும்.

ஃபோர்டு ஃபிகோ 1.5, ஃபோக்ஸ்வேகன் போலோ 1.5 டீசல்: ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் இரண்டிலும் டைமிங் பெல்ட். கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் இன்ஜினே போச்சு. மாற்றிய பில் இல்லை என்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரீமியம் மலிவு, வண்டி மலிவா?

தேர்ட் பார்ட்டி கட்டணம் மிகக் குறைவாக, ரூ.2,094 வரிசையில் வரும் டீசல் கார்களும் உண்டு. 2011-ல் வந்த செவர்லே பீட் டீசல் 936 சிசி. 2015-ல் வந்த மாருதி செலேரியோ டீசல் 793 சிசி, இரண்டே சிலிண்டர். கேட்கும் விலையும் குறைவாகவே இருக்கும்.

ஆனால் செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. செலேரியோ டீசல் சந்தையில் இருந்தது சுமார் இரண்டே வருடம். வருடத்துக்கு ரூ.1,322 பிரீமியத்தில் மிச்சம் பிடித்து, ஒரு இன்ஜெக்டருக்காக வண்டியைப் பட்டறையில் வாரக்கணக்கில் நிறுத்தினால் என்ன பயன்? எது அதிகம் விற்றதோ, எதன் பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கிறதோ அதுவே முதல் காருக்கு நல்லது.

டெல்லி வண்டி, டாக்ஸி வண்டி: உஷார்

"பத்து வருஷம் ஆனா டீசல் வண்டிய ஓட்ட முடியாதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். பத்து வருடக் கட்டுப்பாடு டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் பகுதியையும் பற்றியது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு ஆர்சி 15 வருடம் செல்லும், அதன் பிறகு சோதித்துப் புதுப்பிக்கலாம்.

அங்கே ஓட்ட முடியாத வண்டிகள் மலிவு விலையில் தெற்கே வருவதுண்டு. அப்படி வாங்கினால் அந்த ஆர்டிஓ-வின் என்ஓசி வேண்டும், இங்கே சாலை வரி கட்டி தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பல நேரம் காணாமல் போய்விடும்.

இன்னொன்று, மஞ்சள் போர்டில் ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டி. டிசையர், எட்டியோஸ், இண்டிகா டீசல்கள் டாக்ஸியாக லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியவை. மீட்டரைக் குறைத்து வைப்பது புரோக்கர்களில் சிலருக்குப் பழகிய வேலை. ஆர்சி-யில் உள்ள வாகன வகையையும் பழைய பதிவையும் பாருங்கள். அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதிவெண் சொல்லிக் கேட்டால், கடைசி சர்வீஸில் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.

வண்டி பார்க்கப் போகும்போது

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். "இப்பத்தான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேனுங்க" என்று சூடான வண்டியைக் காட்டினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் விதத்தில்தான் அதன் குறைகள் தெரியும்.

ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர், டர்போ, இஜிஆர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் பக்கம் தேய்மானம். சந்தேகம் இருந்தால் தெரிந்த டீசல் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் போகாது.

பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், எஃப்சி தேதி, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்ஓசி-யும் ஃபாரம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி புது ஓனருக்குத் தானாக மாறிவிடும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது. 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் வண்டி அடிபடும்போது கிளைம் நிராகரிக்கப்படலாம். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

டீசல் ஓனர்கள் மறக்கக் கூடாத இரண்டு

ஒன்று, மழைநீர். பெரிய மழை பெய்தால் கோவையின் ரயில்வே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்குவது வழக்கம். அதற்குள் போய் இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் போன இன்ஜினை இயக்குவதால் வரும் சேதம் சாதாரண பாலிசியில் வராது. அதற்குத் தனியாக இன்ஜின் புரொடெக்ட் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு, பங்கில் எரிபொருள் மாறிப் போவது. டீசல் வண்டியின் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் மசகு. பெட்ரோல் போட்டு ஓட்டினால் அவை தேய்ந்து, பெரிய செலவு வைக்கும். மாற்றிப் போட்டது தெரிந்தால் சாவியைத் திருப்பாமல், வண்டியைத் தள்ளி நிறுத்தி டேங்கைக் காலி செய்ய வேண்டும். "டீசலுங்க" என்று பங்கில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, யாருக்கு எது?

வீடு, ஆபீஸ், மால், ஸ்கூல் என்று சரவணம்பட்டியைச் சுற்றியே ஓட்டுபவர்: பெட்ரோல். 1000 சிசி-க்குள் எடுத்தால் இன்சூரன்ஸும் குறைவு.

வாராவாரம் ஊருக்குப் போய் வருபவர்: பட்ஜெட் குறைவு என்றால், சர்வீஸ் பில்லோடு கிடைக்கும் பிஎஸ்-4 ஸ்விஃப்ட் அல்லது லிவா டீசல். புது வண்டிதான் வேண்டும் என்றால் பெட்ரோல், சிஎன்ஜி விலையையும் சேர்த்து ஒப்பிட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

தினமும் 80, 100 கி.மீ. ஹைவேயில் ஓடுபவர்: 1500 சிசி-க்குள் ஒரு புது டீசல். ஆன்-ரோடு விலையைக் கேட்கும்போது 10 லட்சம் வரிக் கோட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

ஷோரூமுக்கோ புரோக்கரிடமோ போவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஒரு மாதம் பைக்கிலோ பஸ்ஸிலோ போகும் தூரத்தைத் தினமும் செல்போனில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் வரும் எண் 1,500-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.